காங்கிரஸ் உறுப்பினரின் தேர்தல் செலவை யார் கொடுக்கிறார்கள்?

காஸா யுத்தம் ஆரம்பித்த நாளிலிருந்து எமது வட்சப் குழுமங்களில் ஒரு வகைப் படம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றது. அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் முகம், அதற்குக் கீழே ஒரு டொலர் தொகை, "இஸ்ரேலிடமிருந்து இவர் வாங்கியது" என்றொரு வாசகம். படத்தைப் பார்த்தவர்கள் கோபப்படுகிறார்கள், துஆ கேட்கிறார்கள், அடுத்த குழுமத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தொகை எங்கிருந்து எடுக்கப்பட்டது, அது யாருடைய பணம், எந்த வழியாக அந்த மனிதரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அண்மையில் ஒரு சகோதரர் என்னிடம் அதைத்தான் கேட்டார். "இஸ்ரேல் அரசாங்கம் நேரடியாகக் காசு கொடுக்க அமெரிக்கச் சட்டம் விடுமா?" நியாயமான கேள்வி. விடாது என்பதே பதில். ஆனால் அந்தப் பதிலோடு விஷயம் முடியவில்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றது.

முதலில் தேவையைப் பார்ப்போம். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள். இவர்கள் அனைவரும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தலைச் சந்திக்க வேண்டும். செனட் சபையின் 100 பேருக்கும் ஆறு வருடப் பதவிக்காலம். பிரதிநிதிகள் சபை ஆசனம் ஒன்றை வெல்பவர் செலவிடும் சராசரித் தொகை இன்று 2 மில்லியன் டொலருக்கும் மேல். போட்டி கடுமையான தொகுதிகளில் அது பன்மடங்காகும். உறுப்பினரின் வருடச் சம்பளமோ 174,000 டொலர். இரண்டு வருடச் சம்பளத்தை ஒரு சதமும் தொடாமல் சேர்த்து வைத்தாலும் தேர்தல் செலவில் ஆறில் ஒரு பங்குதான் தேறும். 2 மில்லியன் டொலரை இரண்டு வருடத்தின் நாட்களால் வகுத்துப் பாருங்கள். வெள்ளி, சனி, பெருநாள் என்று பாராமல் தினமும் 2,700 டொலருக்கு மேல் அவர் திரட்டியாக வேண்டும்.

எனவே ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் நாளில் கணிசமான பகுதி தொலைபேசியில் கழிகின்றது. அரசாங்கக் காரியாலயத்திலிருந்து தேர்தல் பணம் கேட்டு அழைப்பு எடுப்பது சட்டவிரோதம். ஆகவே பாராளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்சிகளும் தமக்கென அலுவலகங்களை வைத்திருக்கின்றன. உறுப்பினர்கள் அங்கே நடந்து போய், சிறிய அறையொன்றில் அமர்ந்து, முன்னால் வைக்கப்பட்ட பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கிறார்கள். புதிதாகத் தெரிவானவர்கள் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலங்களை இந்த அழைப்புகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி தயாரித்த மாதிரி நேரசூசி 2013 இல் வெளியே கசிந்தது. புளோரிடாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவிட் ஜொலி, நாளுக்கு 18,000 டொலர் திரட்ட வேண்டும் எனத் தமக்குச் சொல்லப்பட்டதாக 2016 இல் தொலைக்காட்சியில் பகிரங்கமாகக் கூறினார். தொகுதி மக்களின் பிரச்சினையைக் கேட்பதற்கென்று தெரிவானவர் யாருடைய குரலை அதிகம் கேட்கிறார்? அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் குரலைத்தான்.

அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள்?

முதலாவது, தனிநபர்கள். 2025-26 தேர்தல் காலத்துக்கு ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு அதிகபட்சம் 3,500 டொலர் கொடுக்கலாம். கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தல் ஒன்று, பொதுத் தேர்தல் இன்னொன்று என்று கணக்கிடப்படுவதால் மொத்தம் 7,000 டொலர். கணவனும் மனைவியும் தனித்தனியே கொடுக்கலாம். ஒருவர் கொடுத்தது 200 டொலரைத் தாண்டினால் அவரது பெயர், முகவரி, தொழில், தொழில்கொடுநர் அனைத்தையும் வேட்பாளர் சமஷ்டி தேர்தல் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அது இணையத்தில் பகிரங்கமாக வெளியாகும். காசுத் தாளாகக் கொடுப்பதென்றால் 100 டொலருக்கு மேல் முடியாது. பல உறுப்பினர்களின் கணக்கில் முதலிடம் வகிப்பது இவ்வாறு 200 டொலருக்கு மேல் கொடுக்கும் வசதியானவர்களின் பணமே. சட்டத்தரணிகள், வைத்தியர்கள், காணி வியாபாரிகள், முதலீட்டு நிறுவனங்களின் பங்காளர்கள் போன்றோர். அவர்களில் பலர் அந்தத் தொகுதியின் வாக்காளர்களே அல்லர். நியூயோர்க்கில் வசிப்பவர் மிசூரி வேட்பாளருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

இரண்டாவது, சிறு தொகை கொடுப்போர். ஜனநாயகக் கட்சியினருக்கு 2004 இல் உருவான அக்ட்புளூ, குடியரசுக் கட்சியினருக்கு 2019 இல் உருவான வின்ரெட் ஆகிய இணையத் தளங்கள் ஊடாக ஐந்து டொலர், பத்து டொலர் என்று இலட்சக்கணக்கானோர் அனுப்புகிறார்கள். 2018 இல் அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ-கோர்டெஸ், சபையில் தன் கட்சியின் நான்காம் நிலைத் தலைவராக இருந்த ஜோ குரோலியைப் பிரைமரி தேர்தலில் தோற்கடித்தபோது, குரோலியின் பணபலம் அவரதைவிடப் பல மடங்கு பெரியது. அன்றிலிருந்து "சிறு பணமே தூய பணம்" என்ற எண்ணம் எம்மிடையேயும் பரவியிருக்கின்றது. நான் அப்படி முழுதாக நம்பவில்லை. சிறு தொகை கொடுப்பவர் ஒரு தொலைக்காட்சித் துணுக்கையோ ஒரு பேஸ்புக் காணொளியையோ பார்த்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார். கூச்சல் போடுபவருக்கும் அது கொட்டும். ஜோர்ஜியாவின் மார்ஜரி டெய்லர் கிரீன் தன் முதல் வருடத்தில் மில்லியன் கணக்கில் திரட்டியதும் இப்படித்தான். வின்ரெட் தளத்தின் பக்கங்களில் "மாதா மாதம் எடுத்துக்கொள்க" என்ற பெட்டி ஏற்கனவே குறியிடப்பட்டிருந்ததால், 2020 இல் முதியவர்கள் பலர் தாம் அறியாமலே திரும்பத் திரும்பப் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் மீளக் கேட்ட கதையும் உண்டு. ஆயினும், பெரிய இடத்துத் தயவின்றி ஒருவர் தாக்குப்பிடிக்க இன்று இருக்கும் ஒரே வழி அதுதான் என்பதையும் மறுக்க முடியாது. ரஷீதா தலைப் 2023 நவம்பரில் பலஸ்தீன் குறித்த பேச்சுக்காகச் சபையில் கண்டிக்கப்பட்டபோது அவருக்குப் பணம் குவிந்தது. அவரை எதிர்த்துப் போட்டியிட்டால் 20 மில்லியன் டொலர் திரட்டித் தருவதாகத் தமக்கு ஆசை காட்டப்பட்டதாக ஹில் ஹார்ப்பர் என்ற நடிகர் அப்போது பகிரங்கமாகச் சொன்னார். அதில் தமக்கு எந்தத் தொடர்பும் இல்லையென ஐபெக் மறுத்தது. எப்படியோ, பலமான எதிராளி எவரும் முன்வரவில்லை. 2024 இல் தலைப் இலகுவாக வென்றார்.

மூன்றாவது, பெக் எனப்படும் அரசியல் நடவடிக்கைக் குழுக்கள். அமெரிக்காவில் கம்பனிகள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதை 1907 ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடை செய்தது. 1947 இல் தொழிற்சங்கங்களுக்கும் அந்தத் தடை வந்தது. ஆனால் கம்பனியின் நிர்வாகிகளும் பங்குதாரர்களும், சங்கத்தின் அங்கத்தவர்களும் தம் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு குழு அமைக்கலாம். அந்தக் குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டொலர் கொடுக்கலாம். லொக்ஹீட் மார்ட்டின், போயிங், நோர்த்ரோப் குரூமன் போன்ற ஆயுத உற்பத்தியாளர்கள் அனைவரிடமும் இத்தகைய குழுக்கள் உண்டு. இந்தப் பணம் எங்கே போகின்றது என்று பார்ப்பது சுவாரசியமானது. பாதுகாப்புக் குழுவில் இருப்பவருக்கு ஆயுதக் கம்பனியினதும், நிதிச் சேவைகள் குழுவில் இருப்பவருக்கு வங்கியினதும் காப்புறுதிக் கம்பனியினதும், விவசாயக் குழுவில் இருப்பவருக்குச் சீனி உற்பத்தியாளரினதும் பணம் வந்து சேர்கின்றது. கட்சி எது என்பது இரண்டாம் பட்சம். பதவியில் இருப்பவருக்கே பெரும்பகுதி செல்கின்றது. பதவியில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மீண்டும் வெல்கிறார்கள் என்பதை அந்தக் குழுக்கள் நன்றாகவே அறியும்.

உறுப்பினர்களும் சும்மா இருப்பதில்லை. தலைமைப் பதவியைக் கனவு காண்பவர்கள் தமக்கென்று தனியாக ஒரு பெக் வைத்துக்கொண்டு, சக உறுப்பினர்களின் தேர்தலுக்கு அதிலிருந்து பணம் கொடுத்து ஆதரவு தேடுகிறார்கள். கட்சியும் ஒவ்வொரு உறுப்பினரிடமும் அவரது பதவியின் கனத்துக்கேற்ப "சந்தா" எதிர்பார்க்கின்றது.

நான்காவது, சொந்தப் பணம். இதற்கு வரம்பே இல்லை. மதுபானக் கடைத் தொடரின் உரிமையாளர்களில் ஒருவரான டேவிட் ட்ரோன், 2024 இல் மேரிலண்ட் செனட் பிரைமரி தேர்தலில் 60 மில்லியன் டொலருக்கு மேல் தன் சொந்தப் பணத்தைக் கொட்டினார். கொட்டியும் ஏஞ்ஜலா அல்சோபுரூக்ஸிடம் தோற்றார். பணம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை வேட்பாளரின் சொந்தக் கணக்குக்குள் வரும் பணம். வரம்பு உண்டு, பெயர் உண்டு, பதிவு உண்டு. இனிச் சொல்லப்போவதுதான் ஆட்டத்தை மாற்றிய விஷயம்.

1974 இல் வாட்டர்கேட் ஊழலின் பின் காங்கிரஸ், தேர்தலில் கொடுப்பதற்கும் செலவிடுவதற்கும் வரம்பு விதித்தது. 1976 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பக்லி வழக்கில் அதை இரண்டாகப் பிரித்தது. கொடுப்பதற்கு வரம்பு விதிக்கலாம், ஏனெனில் இலஞ்சத்துக்கு அது வழிவிடும். செலவிடுவதற்கு வரம்பு விதிக்க முடியாது, ஏனெனில் அது பேச்சுச் சுதந்திரம். (எமது நாட்டில் 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என உச்சவரம்பு போடப்பட்டதே, அது போன்றதொன்று அமெரிக்காவில் அரசியலமைப்புக்கு முரண்.) 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் நீதிமன்றம் இன்னொரு படி சென்றது. வேட்பாளரோடு சேர்ந்து இயங்காத வரை, கம்பனிகளும் சங்கங்களும் தேர்தலில் எவ்வளவும் செலவிடலாம் என்றது. அதே வருடம் கீழ் நீதிமன்றமொன்று, அவ்வாறு தனித்துச் செலவிடும் குழுக்கள் எவரிடமிருந்தும் எவ்வளவும் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. இப்படிப் பிறந்ததே சுப்பர் பெக். வேட்பாளரின் கையில் ஒரு டொலரைக்கூட அது கொடுக்க முடியாது. ஆனால் அவருக்கு ஆதரவாகவோ அவரது எதிராளியைத் தாக்கியோ மில்லியன் கணக்கில் விளம்பரம் போடலாம்.

"சேர்ந்து இயங்கக் கூடாது" என்ற நிபந்தனையை எப்படிக் கடக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. 2014 இல் செனட்டர் மிட்ச் மெக்கொனெல்லின் பிரசாரக் குழு, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடக் காணொளியை இணையத்தில் போட்டது. வெளிக் குழுக்கள் தம் விளம்பரங்களுக்கு வெட்டி எடுத்துக்கொள்ளத்தான். இப்போது பல வேட்பாளர்கள் தம் இணையத் தளத்தின் ஒரு மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள், எந்த வாக்காளரிடம் எந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கிறார்கள். பொதுமக்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. படிக்க வேண்டியவர்கள் படிக்கிறார்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆகவே சட்டம் மீறப்படவில்லை!

இனி ஐபெக் விஷயத்துக்கு வருவோம். பெயரின் கடைசியில் பெக் என்ற ஒலி வந்தாலும், பல தசாப்தங்களாக அது வேட்பாளர்களுக்குப் பணம் கொடுத்ததில்லை. உறுப்பினர்களைச் சந்திப்பது, மாநாடு நடத்துவது, யாருக்குக் கொடுக்கலாம் என்று தன் அங்கத்தவர்களுக்கு உணர்த்துவது ஆகியவற்றோடு நின்றது. 2021 இன் இறுதியில்தான் அந்த வழமையை மாற்றி, ஒரு சாதாரண பெக் குழுவையும், யுனைட்டட் டெமொக்ரசி புரொஜெக்ட் என்ற சுப்பர் பெக் குழுவையும் ஆரம்பித்தது. பெயரில் இஸ்ரேல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வட்சப் படங்களில் வரும் தொகையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சாதாரண பெக் தன் பணமாக 5,000 டொலர்தான் கொடுக்கலாம். ஆனால் அதன் இணையவாசல் ஊடாக அங்கத்தவர்கள் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரைக் குறித்துப் பணம் அனுப்பும்போது, அது அந்தத் தனிநபரின் வரம்பிலேயே கணக்கிடப்படும். 500 பேர் தலா 3,500 டொலர் அனுப்பினால் 1.75 மில்லியன். சட்டப்படி அது 500 தனிநபர்களின் அன்பளிப்பு. ஆனால் அது யாருடைய வாசல் வழியாக வந்தது என்பது வேட்பாளருக்குத் தெரியும், தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வாசல். சுப்பர் பெக்கின் பணமோ வேட்பாளரின் கணக்கில் வருவதே இல்லை. சில படங்கள் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போடுகின்றன. சில, ஒருவரின் முழு அரசியல் வாழ்நாளுக்குமான தொகையைப் போடுகின்றன. ஆகவே ஒரே மனிதருக்கு மூன்று படங்களில் மூன்று தொகை.

2024 ஜூன் 25 ஆம் திகதி நியூயோர்க்கின் 16 ஆவது தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். காஸாவில் யுத்த நிறுத்தம் கோரிய ஜமால் போமனுக்கு எதிராக அந்தச் சுப்பர் பெக் மட்டும் ஏறத்தாழ 15 மில்லியன் டொலர் செலவிட்டது. அதுவரையான பிரதிநிதிகள் சபை பிரைமரி தேர்தல்களின் வரலாற்றிலேயே மிகச் செலவான போட்டி அது. ஜோர்ஜ் லற்றிமர் வென்றார். ஆறு வாரத்தில் சென் லூயிஸ் நகரில் கோரி புஷ், வெஸ்லி பெல்லிடம் தோற்றார். அங்கே சுமார் 8.5 மில்லியன். அந்த விளம்பரங்களில் காஸா இல்லை, இஸ்ரேல் இல்லை. இருவரும் 2021 இல் ஜனாதிபதி பைடனின் உட்கட்டமைப்புச் சட்டமூலத்துக்கு எதிராக வாக்களித்ததையே அவை திரும்பத் திரும்பச் சொல்லின. இஸ்ரேல் பற்றிப் பேசினால் ஜனநாயகக் கட்சி வாக்காளரிடம் அது எடுபடாது என்பது விளம்பரம் போட்டவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதே இதன் பொருள் என நான் எண்ணுகிறேன்.

பணம் மட்டுமே இவர்களைத் தோற்கடித்தது என்றும் சொல்லிவிட முடியாது. போமன் பாராளுமன்றக் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணியை இழுத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அவரது தொகுதியின் எல்லைகளும் மாறியிருந்தன. புஷ் தன் பாதுகாப்புச் செலவுகள் தொடர்பான விசாரணையை எதிர்நோக்கியிருந்தார். மறுபுறம், 2022 இல் பிட்ஸ்பேர்க் நகரில் சமர் லீக்கு எதிராக அதே குழு 2 மில்லியனுக்கு மேல் இறைத்தும் அவர் மயிரிழையில் வென்றார். தள்ளாடும் மரத்தைத்தான் பணம் இலகுவாகச் சாய்க்கின்றது.

அந்தப் பணம் யாருடையது? குடியரசுக் கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்துவரும் பால் சிங்கர், ஹோம் டிப்போ நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான காலஞ்சென்ற பேர்னி மார்கஸ் போன்றோர் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலைத் தீர்மானிக்க உதவினார்கள். 5 மில்லியன் டொலர் கொடுத்தவர் ஜேன் கூம். இவர் யார் தெரியுமா? வட்சப்பை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவர் அந்த நிறுவனத்தை விட்டு 2018 இலேயே விலகிவிட்டார். என்றாலும் ஐபெக்கைத் திட்டும் படங்களை நாம் அனுப்புவது அவர் கட்டிய பாலத்தின் மேலாகத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "யூதர்கள் அமெரிக்காவை விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்ற வாசகத்தோடு இப்படங்கள் பகிரப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இது பிழை மட்டுமல்ல, எமக்கு ஆபத்தானதும்கூட. இஸ்ரேலிய ஆதரவு லொபியின் பெரும் படை, அமெரிக்காவின் இவாஞ்சலிகல் கிறிஸ்தவர்கள். ஐபெக்கின் கொள்கையை எதிர்த்து ஜே ஸ்ட்ரீட் என்ற அமைப்பை நடத்துவோர் யூதர்கள். செனட் சபையில் இஸ்ரேலுக்கான ஆயுத விற்பனையைத் தடுக்கத் தீர்மானங்கள் கொண்டுவந்த பேர்னி சாண்டர்ஸும் யூதர்தான். 2013 இல் "ஹலால் சான்றிதழ் காசு எங்கே போகின்றது?" என்று கேட்டு எமது முழுச் சமூகத்தையும் ஒரு சதித்திட்டத்தின் பங்காளிகளாகக் காட்டினார்களே, அந்தத் தர்க்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு குழுவின் கணக்குப் புத்தகத்தைக் கேள்வி கேட்பது வேறு, ஒரு சமூகத்தின் இரத்தத்தைக் கேள்வி கேட்பது வேறு. முதலாவதைச் செய்ய ஆதாரம் தாராளமாக இருக்கின்றது.

ஐபெக்கின் வெற்றியை ஏனையோர் பார்த்துப் படித்துக்கொண்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. கிரிப்டோ நாணய நிறுவனங்கள் அமைத்த ஃபெயார்ஷேக் என்ற சுப்பர் பெக், 2024 இல் ஒஹாயோ செனட்டர் ஷெரட் பிரவுணுக்கு எதிராக 40 மில்லியன் டொலர் செலவிட்டது. விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லே வரவில்லை. பிரவுண் தோற்றார். இதன் பிறகு கிரிப்டோவைக் கட்டுப்படுத்தும் சட்டமூலம் வரும்போது மற்றைய செனட்டர்களுக்கு யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை. பணத்தின் உண்மையான வேலை இதுதான் என்பது என் கருத்து. ஒருவரைத் தோற்கடிக்கச் செலவான பணம், செலவே இல்லாமல் இன்னும் ஐம்பது பேரை மௌனமாக்குகின்றது.

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கின்றது? வாக்கை விலைக்கு விற்றதாக நிரூபிப்பது அபூர்வம். கிடைப்பது கதவு. தென் கரோலினாவின் முன்னாள் உறுப்பினர் மிக் முல்வேனி 2018 இல் வங்கியாளர்கள் கூட்டத்தில் அதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பணம் தராத லொபிக்காரரோடு தான் பேசியதில்லை என்றும், பணம் தந்தவரோடு பேசியிருக்கக்கூடும் என்றும். தன் தொகுதியிலிருந்து வந்து காத்திருந்தவர்களை, பணம் தந்தாரா இல்லையா என்று பார்க்காமல் சந்தித்ததாகவும் சேர்த்துக்கொண்டார். தொகுதிக்காரர் வோஷிங்டன் வரைக்கும் பயணச்சீட்டு எடுக்க முடிந்தவராக இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பணம் பற்றிய சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கப் பிரஜையோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரோ அல்லாத எவரும், எந்த வெளிநாட்டு அரசும், அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு டொலரும் கொடுக்க முடியாது. ஐபெக் அமெரிக்கர்களிடம் திரட்டும் அமைப்பு என்பதால் அந்தத் தடைக்குள் வராது. வெளிநாட்டு அரசுகள் செய்வது, 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த லொபி நிறுவனங்களைச் சம்பளத்துக்கு அமர்த்துவது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார் எல்லாம் இதில் தாராளமாகச் செலவிடும் நாடுகள். அந்த நிறுவனங்களின் ஊழியர்கள் அமெரிக்கப் பிரஜைகள் என்ற வகையில் தம் பெயரில் உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

இலங்கையும் இந்தக் கதையில் இருக்கின்றது. 2014 இல், ஜெனீவாவில் எமது நாட்டுக்கு எதிரான தீர்மானங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், அன்றைய அரசாங்கம் கலிபோர்னியாவின் இமாத் சுபைரி என்பவரோடு 8.5 மில்லியன் டொலர் உடன்படிக்கை ஒன்றைச் செய்தது. வோஷிங்டனில் இலங்கையின் பெயரைச் சீராக்குவதே வேலை. சுபைரி இரு கட்சித் தலைவர்களுக்கும் பெருந்தொகை திரட்டிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர். அந்தப் படங்களே அவரது மூலதனம். இலங்கை 6.5 மில்லியன் டொலரை அனுப்பியது. அன்றைய நாணய மாற்று விகிதப்படி சுமார் 85 கோடி ரூபா. அதில் 5.65 மில்லியனுக்கு மேல் அவர் தனக்கும் தன் மனைவிக்குமாகப் பயன்படுத்திக்கொண்டார் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் கூறியது. 2019 இல், வெளிநாட்டு முகவர் பதிவில் பொய் சொன்னமை, வரி ஏய்ப்பு, சட்டவிரோத தேர்தல் நன்கொடை ஆகிய குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். 2021 பெப்ரவரியில் 12 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மே மாதம் ஜனாதிபதி ட்ரம்ப் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். தண்டனை குறைந்தது. எமது 85 கோடி திரும்பி வரவில்லை.

இவற்றையெல்லாம் கண்காணிக்க வேண்டிய சமஷ்டி தேர்தல் ஆணைக்குழுவில் ஆறு ஆணையாளர்கள். ஒரு கட்சிக்கு மூவருக்கு மேல் கூடாது, முடிவெடுக்க நான்கு வாக்குகள் தேவை. மூன்றுக்கு மூன்று என்று இழுபடுவதே வழக்கம். 2025 இல் ஆணையாளர்கள் நால்வர்கூட இல்லாமல் போனதால் கூட்டம் நடத்தவும் முடியாத நிலை ஏற்பட்டது. ஆனால் அதன் இணையத்தளம் மட்டும் இயங்கிக்கொண்டே இருக்கின்றது. ஓபன் சீக்ரெட்ஸ் என்ற அமைப்பு அந்தத் தரவுகளை உறுப்பினர் வாரியாக, துறை வாரியாகத் தொகுத்துத் தருகின்றது. கட்டணமில்லை, எமது தொலைபேசியிலிருந்தே பார்க்கலாம்.

பார்க்கும்போது சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "கூகுள் இவருக்கு இவ்வளவு கொடுத்தது" என்று இருந்தால், அது அங்கே வேலை செய்பவர்கள் தனித்தனியே கொடுத்ததும் அதன் பெக் கொடுத்ததும் சேர்ந்த கூட்டுத்தொகை. கம்பனியின் காசோலை அல்ல. உறுப்பினரின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், அவருக்காகவும் அவரது எதிராளிக்கு எதிராகவும் வெளிக் குழுக்கள் செலவிட்டதைத் தனிப் பக்கத்தில் பாருங்கள். பெரிய தொகை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்தக் குழுவுக்குப் பணம் கொடுத்தது இன்னொரு இலாப நோக்கற்ற சங்கம் என்று வந்தால், தேடல் அநேகமாக அந்த இடத்தில் முட்டி நிற்கும். அத்தகைய சங்கங்கள் தமக்குக் கொடுத்தவர்களின் பெயரை வெளியிடக் கடமைப்பட்டவை அல்ல. திகதியையும் கவனியுங்கள். பிரைமரி தேர்தலுக்கு முந்திய அறிக்கை, தேர்தலுக்கு 20 நாட்களுக்கு முன்வரையான வரவையே காட்டும். அதன் பின்னர் ஒரு புதிய சுப்பர் பெக் முளைத்து, பணம் வாங்கி, விளம்பரம் போட்டால், எவ்வளவு செலவிட்டது என்பது உடனே தெரியவரும். கொடுத்தது யார் என்பது வாக்கெண்ணி முடிந்து பல நாட்கள் கழித்தே தெரியவரும். ஆகவே அடுத்து வரும் பிரைமரி முடிவுகள் பற்றிய படம் உங்கள் குழுமத்துக்கு வந்தால், அன்றிரவே தேட வேண்டாம். ஒரு மாதம் பொறுத்துத் தேடுங்கள்.